மெக்சிகோக்காரனுக்கு அழுவோம், 'வடக்கனை' வைவோம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மெக்சிகோவைப் பற்றி ஒரு படம் போடுகிறார்கள், படம் முடிந்ததும் மெக்சிகோ சமூகமும் இடப்பெயர்வும் பற்றி ஒரு பேராசிரியை பேசுகிறார், வர்றீங்களா என்று நண்பர் கேட்டார். ஓசியில் படம், முடிந்ததும் டீ, சமோசா. வேறென்ன வேண்டும் :-) மல்லேஸ்வரத்திலிருந்து நாலு பேர் ஒரே காரில் கிளம்பினோம். நாலு பேரும் தமிழர்கள், நாலு பேரும் மென்பொருள் பிழைப்பு. எனக்கு ஊர் கோவில்பட்டி. 2005ல் ஒரு சூட்கேஸும் ஒரு பை கடலை மிட்டாயுமாக ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியவன், இன்னும் திரும்பவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

படத்தின் பெயர் 'லா ஹவ்லா தெ ஒரோ'. தங்கக் கூண்டு என்று அர்த்தம். 2013ல் கான் திரைப்பட விழாவில் பாராட்டு வாங்கிய படம். குவாதமாலாவின் சேரியிலிருந்து கிளம்பும் பதின்வயதுப் பிள்ளைகள் சரக்கு ரயில்களின் கூரையில் உட்கார்ந்து மெக்சிகோவைக் கடந்து அமெரிக்கா போகப் பார்க்கிறார்கள். சாரா என்ற பெண் முடியை வெட்டிக்கொண்டு பையன் வேஷத்தில் வருகிறாள். வழியில் சௌக் என்ற பழங்குடிப் பையன் சேர்ந்துகொள்கிறான். அவனுக்கு ஸ்பானிஷ் வராது, அவன் மொழி சோட்சில். கூட வரும் ஹுவானுக்கு இவனைக் கண்டாலே ஆகாது. 'இந்தியோ' என்று ஏளனம், விரட்டல். ரெண்டு பேரும் ஒரே கூரையில் உட்கார்ந்து, ஒரே போலீசுக்குப் பயந்து ஓடுகிறார்கள். அப்படியும் ஹுவானுக்கு மிதிக்கத் தனக்குக் கீழே ஒருத்தன் வேண்டியிருக்கிறது. வழியில் சாராவை ஒரு கும்பல் இறக்கிக் கொண்டுபோய்விடுகிறது. எல்லையில் எங்கிருந்தோ வந்த ஒரு குண்டு சௌக்கை முடிக்கிறது. ஹுவான் மட்டும் போய்ச் சேர்கிறான். இறைச்சித் தொழிற்சாலையில் கழிவு கூட்டுகிறான். வெளியே பனி கொட்டுகிறது. அவ்வளவுதான் படம்.

விளக்கு போட்டபோது அரங்கில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, நானும்தான்.

பேராசிரியை நன்றாகப் பேசினார். 1942லிருந்து 1964 வரை அமெரிக்காவே கூப்பிட்டுக்கொண்ட 'பிராசெரோ' கூலிகள், ஏறக்குறைய 46 லட்சம் ஒப்பந்தங்கள். ஆரம்ப வருடங்களில் அவர்கள் கூலியில் பத்து சதவீதத்தைச் 'சேமிப்பு' என்று பிடித்தார்கள். பல பேருக்கு அது கைக்கு வரவே இல்லை. பிறகு 1994. வருடத்தின் முதல் நாளே நாஃப்டா ஒப்பந்தம் அமலுக்கு வருகிறது. மானியத்தில் விளைந்த அமெரிக்க மக்காச்சோளம் வந்து குவிய, மெக்சிகோவின் சிறு விவசாயி விலை கிடைக்காமல் நிலத்தை விடுகிறான். அதே வருடம் அக்டோபரில் சான் டியேகோ பக்கம் எல்லையை இறுக்க 'ஆபரேஷன் கேட்கீப்பர்' தொடங்குகிறது. சரக்குக்குக் கதவைத் திறந்த அதே வருடத்தில் ஆளுக்குக் கதவைச் சாத்தினார்கள். ஆள் நிற்கவில்லை, பாலைவனம் வழியாகச் சுற்றிப் போனான், செத்தான். கேட்கக் கேட்க அரங்கமே கொதித்தது.

அப்புறம் கேள்வி நேரம். அப்புறம் சமோசா. நாங்கள் நாலு பேரும் டீக் கோப்பையோடு வராந்தாவில் ஒதுங்கினோம். அஞ்சு நிமிடம் ஆகியிருக்காது. நண்பர் சொன்னார்:

"இந்த வடக்கனுங்க வந்தப்புறம் மெட்ரோல ஏற முடியல மச்சி. ஊர்லயும் இதே கதைதான். எங்க பாத்தாலும் பான்பராக் துப்பி வெச்சிருக்கானுங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

இந்தப் பதிவு அந்தச் சிரிப்பைப் பற்றியது.

*

சிரித்துக்கொண்டே திரும்பினால் பக்கத்தில் காவலாளி நின்றுகொண்டிருந்தார். அரங்கக் கதவருகே மூன்று மணி நேரமாக நின்றவர். நாற்காலி கிடையாது. சமோசா மிச்சம் இருந்தது, யாரும் அவரை எடுத்துக்கச் சொல்லவில்லை. என்னுடைய அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். ஒடிசா, கஞ்சம் மாவட்டம். கதவு திறந்திருந்ததால் படத்தைத் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறார். "ரயில் மேல உட்கார்ந்து போறாங்களே, போலீஸ் பிடிக்காதா?" என்று கேட்டார். பிடிக்கும், அதுதான் கதை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் உள்ளேதான் வந்தேன் சார், ஜெனரல் பெட்டி. கக்கூஸ் வாசல்ல ஒரு ராத்திரி, ஒரு பகல்" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. தன்னுடைய பயணம் பரவாயில்லை என்று எனக்கு ஆறுதல் சொல்வது போல இருந்தது.

உள்ளே நாங்கள் இடப்பெயர்வு பற்றி மூன்று மணி நேரம் விவாதித்திருக்கிறோம். அதைப் பற்றிச் சொந்த அனுபவத்தில் பேசக்கூடிய ஒரே ஆளைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு.

சிலர் இப்போதே ஆரம்பிப்பீர்கள் என்று தெரியும். "அதுவும் இதுவும் ஒண்ணா? அங்கே நாடு விட்டு நாடு, இங்கே ஒரே நாடு. விசா உண்டா, சுவர் உண்டா?"

சரி, அதையே பார்ப்போம். மெக்சிகோ என்றதும் நமக்குச் சுவர் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. மெக்சிகோவுக்குள்ளேயே நடக்கிற இடப்பெயர்வு நம் கண்ணில் படுவதில்லை. தெற்கே வஹாகா, கெரெரோ மாநிலங்களில் மலைக் கிராமங்கள். மீஷ்தெக், திரிக்கி என்று தனித்தனி மொழி பேசும் பழங்குடிகள். அங்கிருந்து குடும்பம் குடும்பமாக வடக்கே சினலோவாவுக்கும் பாஹா கலிஃபோர்னியாவின் சான் கிந்தீன் பள்ளத்தாக்குக்கும் தக்காளி, ஸ்ட்ராபெரி பறிக்கப் போகிறார்கள். எல்லையும் இல்லை, விசாவும் இல்லை, ஒரே நாடு, ஒரே குடியுரிமை. ஆனாலும் தகரக் கொட்டகையில்தான் வாசம், மேஸ்திரி சொன்னதுதான் கூலி. 2015 மார்ச்சில் சான் கிந்தீனில் ஆயிரக்கணக்கான பேர் வேலைநிறுத்தம் செய்து சாலையை மறித்தார்கள். ஒரு நாளைக்கு 300 பெசோ கேட்டு ஆரம்பித்து, 200 வரை இறங்கிவந்து போராட வேண்டியிருந்தது.

அவர்களை ஏளனம் செய்ய ஒரு சொல் இருக்கிறது: 'வஹாகீத்தா'. வஹாகாவிலிருந்து வந்த குட்டையன், கறுப்பன், மொழி தெரியாதவன் என்று எல்லாம் சேர்ந்த சொல். வேடிக்கை என்னவென்றால் இது எல்லை தாண்டி கலிஃபோர்னியாவுக்கும் போய்விட்டது. அமெரிக்காவில் வெள்ளைக்காரனிடம் வசை வாங்கும் மெக்சிகோக்காரனே இன்னொரு மெக்சிகோக்காரனை இப்படிக் கூப்பிடுகிறான். 2012ல் ஆக்ஸ்நார்ட் நகரத்துப் பழங்குடி இளைஞர்கள், பள்ளிக்கூடங்களில் இந்தச் சொல்லைத் தடை செய்யக் கோரி இயக்கமே நடத்தினார்கள். படத்தில் ஹுவான் சௌக்கை 'இந்தியோ' என்று விரட்டுவதும் இதே வியாதிதான்.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். பெங்களூரில் தமிழனுக்கு ஒரு வசைச் சொல் உண்டு: 'கொங்கா'. இங்கே கொஞ்ச காலம் இருந்தவர்களுக்குத் தெரியும். வாடகை வீட்டுத் தகராறிலோ பார்க்கிங் சண்டையிலோ ஒரு தடவையாவது காதில் விழுந்திருக்கும். எனக்கு விழுந்தது 2007ல். ரெண்டு நாள் தூக்கம் வரவில்லை. அந்த வலியைத் தெரிந்து வைத்திருக்கிற நாம் வாய் கூசாமல் 'வடக்கன்' என்கிறோம். "இல்லீங்க, அது திசையைக் குறிக்கிற சொல்" என்று வியாக்கியானம் வேறு. கொங்கு கூட ஒரு நாட்டின் பெயர்தானே சார்?

*

எங்கள் குடும்பக் கதை கொஞ்சம். என் பெரியப்பா அறுபதுகளில் கரிசல்காட்டில் மழை பொய்த்து பம்பாய்க்குப் போனவர். தாராவியில் ஒரு அறையில் எட்டுப் பேர். 1966ல் சிவசேனா தொடங்கிய கையோடு 'லுங்கிவாலா' என்று தென்னாட்டவர்களைக் குறிவைத்தது. அந்த வருடங்களில் வேட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேண்ட் போட்டுக்கொண்டுதான் ரயில் ஏறுவாராம். தெருவில் தமிழில் பேச மாட்டாராம். சாகும்வரை இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பெங்களூரில் 1991. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை மத்திய அரசு டிசம்பரில் அரசிதழில் வெளியிட்டதும் கலவரம். தமிழர் குடியிருப்புகள் எரிந்தன, உயிர்கள் போயின, ஆயிரக்கணக்கானோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓசூர் பக்கம் ஓடினார்கள். அல்சூர் ஏரிக்கரையில் அந்த வருடம் நிறுவிய திருவள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. சிலையைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. யார் வீடு எரிந்தது என்பதைப் பேசவில்லை. மில் தொழிலாளி, கொத்தனார், துப்புரவுத் தொழிலாளி, காய்கறி வண்டிக்காரர், இவர்களுடைய குடிசைகள்தான் பெரும்பாலும் எரிந்தன. மல்லேஸ்வரத்தில் அகலத் தெருவில் தோட்டம் வைத்த வீட்டில் இருந்த தமிழருக்கும், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீராம்புரத்தில் இருந்த தமிழருக்கும் மொழி ஒன்று, ஆபத்து ஒன்றில்லை. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பார்த்து வண்டிகளை எரித்தார்கள், ஒரே பணிமனையில் முப்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் போயின. அன்றைக்கு நான் என்ன செய்தேன்? வீட்டிலிருந்து வேலை என்று மேலாளருக்கு மெயில் போட்டேன். லாரி ஓட்டி வந்த நாமக்கல்காரர் எந்த மேலாளருக்கு மெயில் போடுவார்?

ஆகவே இடம்பெயர்ந்தவன் என்று ஒரே சாதி கிடையாது. ஐடி கார்டு போட்டவன் ஒரு வகை, போடாதவன் இன்னொரு வகை. இதற்கு அசைக்க முடியாத சாட்சி ரெண்டு சொல்கிறேன். ரெண்டும் இதே பெங்களூரில் நடந்தவை.

முதலாவது, 2020 மே. ஊரடங்கு. கட்டட வேலைக்கு வந்த பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உ.பி. ஆட்கள் வேலையும் கூலியும் இல்லாமல் ஊருக்குப் போக வேண்டும் என்கிறார்கள். மே 3 வாக்கில் சிறப்பு ரயில்கள் ஒன்றிரண்டு கிளம்ப ஆரம்பிக்கின்றன. மே 5 அன்று முதல்வர் எடியூரப்பா கட்டுமான நிறுவனத்தாரைச் சந்திக்கிறார். அன்றைக்கே, இனி ரயில் வேண்டாம் என்று ரயில்வேக்குக் கர்நாடக அரசின் கடிதம் போகிறது. தொழிலாளி போய்விட்டால் கட்டடம் யார் கட்டுவது? நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகுதான் மறுபடி ரயில் விட ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் பலர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாவது, 2024 ஜூலை. தனியார் நிறுவனங்களில் நிர்வாக வேலையில் 50 சதவீதமும் மற்ற வேலைகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கே என்று ஒரு மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுக்கிறது. மென்பொருள் நிறுவனங்கள் குரல் எழுப்பின. நாமும் கத்தினோம், நான் எழுதிய நாலு பக்கக் கோபம் இன்னும் இருக்கிறது. ரெண்டே நாளில் மசோதா கிடப்பில் போனது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருத்தனை 'வராதே' என்று சொல்லப் பார்த்தார்கள், அரசாங்கமே பின்வாங்கியது. இன்னொருத்தனை 'போகாதே' என்று நிறுத்தி வைத்தார்கள், அவன் நடந்தான். என்னை வரவிடாமல் செய்வது அநியாயம் என்றால், அவனைப் போகவிடாமல் செய்ததற்கு என்ன பெயர்? 2024ல் நான் எழுதிய கோபத்தில் கால்வாசியாவது 2020 மே 5 அன்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அந்த வாரம் நான் டால்கோனா காபி கலக்குவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

"மெக்சிகோ படம் பார்ப்பதே தப்பா?" என்று கேட்பீர்கள். இல்லை. பாருங்கள், நிறையப் பாருங்கள். தொலைவில் இருப்பது சில சமயம் தெளிவாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து எதை எடுத்துக்கொண்டு வருகிறோம் என்பதில்தான் என் சண்டை. நாம் கண்ணீரை எடுத்துக்கொண்டு வருகிறோம். அங்கே எடுக்க வேண்டிய சரக்கு வேறு இருக்கிறது.

அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா கவுண்டி என்று ஒரு மாவட்டம். பாலைவனத்தில் கிடைக்கும் ஒவ்வொரு எலும்புக்கூட்டையும் அங்கே பிணப் பரிசோதனை அலுவலகம் பதிவு செய்கிறது. ஒரு தன்னார்வ அமைப்போடு சேர்ந்து, எந்த இடத்தில், எந்தத் தேதியில், பெயர் தெரிந்தால் என்ன பெயர் என்று வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். ஐ.நா.வின் இடப்பெயர்வு அமைப்பு, 2022ல் மட்டும் அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் 686 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள் என்று கணக்குச் சொன்னது. இதுவும் குறைந்தபட்சக் கணக்குதான் என்று அதுவே சொல்கிறது. மத்திய அமெரிக்கத் தாய்மார்கள் காணாமல் போன பிள்ளைகளின் போட்டோவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருடா வருடம் மெக்சிகோ முழுக்க ஊர்வலம் போயிருக்கிறார்கள். 2010 ஆகஸ்டில் தமவுலிபாஸ் மாநிலத்தின் சான் ஃபெர்னாந்தோவில் கொன்று போடப்பட்ட இடப்பெயர்வோர் 72 பேர். அந்த 72 என்ற எண் இன்றைக்கும் அங்கே சாதாரண ஜனங்களுக்கு மனப்பாடம்.

இங்கே? 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள், ஊரடங்கில் ஊர் திரும்பும்போது எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று. அப்படி ஒரு கணக்கு வைக்கப்படவில்லை என்று அரசு பதில் சொன்னது. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடியே நாலு லட்சம் பேருக்கு மேல் என்று சொல்லத் தெரிந்த அரசுக்கு, போய்ச் சேராதவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. பல்கலைக்கழக அரங்கில் மெக்சிகோவைப் பற்றி அத்தனை விவரமாகப் பேச முடிவதற்குக் காரணம், யாரோ சிலர் அங்கே பிடிவாதமாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். நாம் எண்ணாமல் விட்டதால் நம்ம ஆட்களைப் பற்றி அப்படி ஒரு உரை நிகழ்த்தக்கூட விவரம் இல்லை.

பணக் கணக்கும் அப்படித்தான். பிராசெரோக்களின் பத்து சதவீதம் போன கதைக்கு அரங்கில் 'ச்சே' என்றோமே, நம் ஊர்க் கதை தெரியுமா? கட்டடத் தொழிலாளர் நலனுக்கென்று 1996 சட்டப்படி கட்டுமானச் செலவில் ஒரு வரி பிடிக்கிறார்கள். 2018ல் உச்ச நீதிமன்றம் பார்த்தபோது நாடு முழுக்க 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியிருந்தது, தொழிலாளிக்காகச் செலவானது ஏறக்குறைய 9,500 கோடிதான். நீதிமன்றமே நொந்துபோய் எழுதியது. நம்மில் எத்தனை பேர் இதைப் பற்றி ஒரு வரி படித்திருப்போம்?

இன்னொரு படம், எல்லோரும் பார்த்தது: 'ரோமா', 2018. அல்ஃபோன்சோ குவாரோன் தன்னை வளர்த்த வேலைக்காரப் பெண்ணை நினைத்து எடுத்தது. அந்தப் பெண்ணும் தெற்கிலிருந்து தலைநகருக்கு வந்த மீஷ்தெக் பழங்குடிதான். படம் வெளியான அதே வருடம் டிசம்பரில் மெக்சிகோ உச்ச நீதிமன்றம், வீட்டுவேலை செய்வோரைச் சமூகப் பாதுகாப்பிலிருந்து ஒதுக்கி வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. அடுத்த வருடம் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டுவேலைத் தொழிலாளர் உரிமைக்கான 2011ஆம் வருடத்துச் சர்வதேச உடன்படிக்கையை மெக்சிகோ 2020ல் ஏற்றுக்கொண்டது. இந்தியா அன்றைக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டதோடு சரி, ஏற்கவில்லை. நாம் 'ரோமா'வை டிவியில் போட்டு உருகிக்கொண்டிருக்கும்போது, நம் அடுக்குமாடியில் பாத்திரம் தேய்க்க வரும் ராய்ச்சூர் பெண் சர்வீஸ் லிஃப்ட் பழுதானால் எட்டு மாடி ஏறி வருகிறார். பக்கத்து லிஃப்டில் ஏறக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நாம் ஒட்டி வைத்த ஒரு காகிதம்தான் இருக்கிறது.

*

"சரி, மெக்சிகோக்காரன் சட்டத்தை மீறிப் போகிறான், நாம் முறையா விசா வாங்கிப் போகிறோம்" என்று கேள்வி நேரத்தில் ஒருவர் பெருமைப்பட்டார். அவருக்கு ரெண்டு தகவல். 2019 அக்டோபரில் மெக்சிகோ ஒரே விமானத்தில் 311 பேரைத் திருப்பி அனுப்பியது. எங்கே? டெல்லிக்கு. மெக்சிகோ வழியாக அமெரிக்காவுக்குள் நுழையப் பார்த்த நம் நாட்டுக்காரர்கள். 2025 பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்க ராணுவ விமானத்தில் கைவிலங்கோடு அமிர்தசரஸில் வந்து இறங்கியவர்கள் 104 பேர், அவர்களும் நம் ஆட்கள். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பப்படும் நாடுகளில் இந்தியா முதலிடம், அதற்கடுத்து மெக்சிகோ. உலகத்திலேயே மெக்சிகோக்காரனுக்கு நெருங்கின சொந்தக்காரன் நாம்தான். அதை ஒத்துக்கொள்ளத்தான் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'வந்தாரை வாழவைக்கும் தமிழகம்' என்று பேனர் கட்டுகிறோம். 2023 மார்ச்சில் பிகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பொய்தான், நிரூபணமும் ஆனது. ஆனால் திருப்பூரிலும் கோவையிலும் ரயில்நிலையம் நிறைய ஆட்கள் மூட்டையோடு உட்கார்ந்தார்களே, ஒரு பொய்யை அவர்கள் ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினார்கள்? தினமும் நாம் பேசுகிற பேச்சு அதை நம்பும்படி வைத்திருந்தது. 2012 ஆகஸ்டில் இதே பெங்களூரிலிருந்து வடகிழக்கு மாநிலத்தவர்கள் வதந்தியை நம்பி ஆயிரக்கணக்கில் ரயில் ஏறியதும் அப்படித்தான். பயம் ஒரே ராத்திரியில் முளைப்பதில்லை.

மல்லேஸ்வரத்திலேயே இருபது வருடமாக இருக்கிறேன். இந்தப் பேட்டை பெரிதானதே 1898 பிளேக்குக்குப் பயந்து நெரிசலான பழைய ஊரை விட்டு ஜனங்கள் வந்து குடியேறியதால்தான். பேட்டைக்குப் பெயர் கொடுத்த காடு மல்லேஸ்வரர் கோயிலை 17ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் ஏகோஜி, சிவாஜியின் தம்பி. மராட்டியத்திலிருந்து வந்து, இங்கே கோயில் கட்டி, பிறகு நம்ம தஞ்சாவூருக்குப் போய் ராஜாவானவர். இந்தத் தெருக்களில் யார் யாரைப் பார்த்து 'வந்தேறி' என்று சொல்வது?

அழுவதை நான் குறை சொல்லவில்லை. அழுத பிறகு என்ன என்றுதான் கேட்கிறேன். மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் 'லாஸ் பத்ரோனாஸ்' என்று கிராமத்துப் பெண்கள் சிலர் இருக்கிறார்கள். 1995லிருந்து, ஓடுகிற சரக்கு ரயிலின் மேல் இருப்பவர்களுக்குச் சோற்றுப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் தூக்கிப் போடுகிறார்கள். அவர்களும் ஏழைகள். நம் பக்கமும் ஆள் இல்லாமல் இல்லை. 2020 மே 28ல் மும்பையிலிருந்து ராஞ்சிக்குத் தொழிலாளர்களை விமானத்தில் அனுப்பி வைத்தார்கள், பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியின் பழைய மாணவர்கள் பணம் திரட்டி. ஆகவே முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

நான் செய்தது ரொம்பச் சின்னது. எங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் மூன்று விஷயம் கேட்டேன். காவலாளிக்கு நாற்காலி, கீழ்த்தளத்தில் பூட்டி வைத்திருக்கும் கழிப்பறையின் சாவி, லிஃப்டில் ஒட்டிய காகிதத்தைக் கிழிப்பது. நாற்காலி வந்துவிட்டது. சாவிக்கு 'அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்'. காகிதத்துக்கு ஒரு மாமி, "உங்களுக்கு ஏன் சார் இந்த வேலை, நீங்களும் வாடகைக்குத்தானே இருக்கீங்க" என்றார். நல்ல கேள்வி :-)

காரில் வந்த நண்பரிடமும் சொல்லிவிட்டேன், இனி என் முன்னால் அந்தச் சொல் வேண்டாம், நானும் சிரித்தது தப்பு என்று. "நீ ரொம்பப் படம் பாக்குற" என்றார். ரெண்டு வாரமாகப் போன் இல்லை. இருபது வருட சிநேகம், வருத்தமாகத்தான் இருக்கிறது.

பி.கு: அந்தப் பல்கலைக்கழகத்தில் அடுத்த மாதமும் படம் உண்டாம், மறுபடி மெக்சிகோதான். அமைப்பாளர்களுக்கு மெயில் போட்டிருக்கிறேன். படத்துக்குப் பிறகு பேச, பீன்யாவிலிருந்தோ மெட்ரோ வேலையிலிருந்தோ ஒரு தொழிலாளியைக் கூப்பிடுங்கள், மொழிபெயர்க்க நான் ஆள் பிடித்துத் தருகிறேன் என்று. பதில் வந்தால் எழுதுகிறேன். அதுவரை கதவருகே ஒரு நாற்காலியாவது போடச் சொல்லியிருக்கிறேன்.